பெண் பார்க்க வந்தவர்களுக்கு மஃபின் சுட்ட கதை

1

பாரிசுக்கு வடக்கே நான் வேலை பார்க்கும் புறநகரில், ரயில் நிலைய லிஃப்ட் வேலை செய்தால்தான் அது செய்தி. போன வாரமும் வேலை செய்யவில்லை. பள்ளிக்கூட கேன்டீனில் தட்டுகளை எல்லாம் கழுவி அடுக்கிவிட்டு நிலையத்துக்கு வந்தால், படிக்கட்டின் அடியில் ஒரு பெண் சக்கர நாற்காலியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். இருபத்தைந்து வயது இருக்கலாம். குளிர் கோட்டின் கழுத்துப் பக்கம் தாலிக் கயிறு தெரிந்தது. மஞ்சள் இன்னும் வெளுக்காத புதுக் கயிறு.

வருகிறவர், போகிறவர் எல்லாம் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள். நானும் ஒரு ஆப்பிரிக்கப் பையனும் சேர்ந்து நாற்காலியைத் தூக்கி மேலே கொண்டுபோய் வைத்தோம். அப்போதுதான் அதில் இருந்தவரின் முகத்தைப் பார்த்தேன். வாயின் ஒரு ஓரம் இறங்கியிருந்தது. என்னை அடையாளம் தெரிந்து, இயங்குகிற இடது கையால் என் கையைத் தொட்டார்.

“ரொம்ப நன்றிங்க” என்றாள் அந்தப் பெண். இரண்டே சொல். ஆனால் எங்கள் ஊர்ப் பக்கத்துக் குரல். ரயில் வந்தது, போய்விட்டார்கள். நான் என் ரயிலைத் தவறவிட்டுவிட்டு அங்கேயே நின்றேன். யாரையாவது பிடித்து நாலு கேள்வி கேட்க வேண்டும் போலிருந்தது. கேட்க வேண்டியவர்களில் பாதிப் பேர் காரைக்காலில் இருக்கிறீர்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். படித்துவிட்டு, “ராணிக்கு என்ன, பிரான்ஸில் சொகுசாக உட்கார்ந்துகொண்டு எழுதுகிறாள்” என்று சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

2

போன வருஷம் ஆடி மாதம் நானும் என் மகள் இனியாவும் ஊருக்கு வந்திருந்தோம். ஆடியில் நம் பக்கம் நல்ல காரியம் பேசமாட்டார்கள், பெண் பார்க்கமாட்டார்கள். புதுமணப் பெண்ணையே தாய்வீட்டுக்கு அழைத்துவந்துவிடுவார்கள். ஆனால் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள மாப்பிள்ளை வீட்டாருக்கு மட்டும் ஆடி தள்ளுபடி. ஏனென்றால் அங்கே கோடை விடுமுறை அப்போதுதான் வருகிறது. குரும்பகரத்தில் என் சிநேகிதி செல்வி வீட்டில், தலைமுறை தலைமுறையாக ஆடியில் புதுத் துணிகூட எடுக்காத குடும்பத்தில், ஆடி வெள்ளிக்கிழமை பெண் பார்க்க நாள் குறித்திருந்தார்கள். பிரான்ஸ் பாஸ்போர்ட்டைப் பார்த்தால் மாதமே ஒதுங்கி நிற்கிறது.

செல்வி, மும்தாஜ், நான் மூவரும் பள்ளியில் ஒரே பெஞ்ச். செல்வி விவசாயக் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டாள். மும்தாஜ் காரைக்கால் டவுனிலேயே இருக்கிறாள். அவள் மச்சான் அங்கே பேக்கரி வைத்திருக்கிறார். செல்வியின் மகள் யமுனா நர்சிங் படித்துவிட்டு டவுனில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். அவளைத்தான் பார்க்க வருகிறார்கள்.

வருகிறவரை எனக்கு நன்றாகத் தெரியும். மாப்பிள்ளையின் அம்மா, பிரான்ஸில் எங்கள் பக்கத்துப் புறநகரில் இருப்பவர். பிறந்த ஊர் போலகம். அதனால் அங்கே எல்லோருக்கும் அவர் போலகத்து அக்கா. மாமனார் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த ‘சொல்தா’. அந்தப் பென்ஷனையும் குடியுரிமையையும் பற்றிப் பேசாமல் அக்கா ஒரு டீகூடக் குடித்து முடிக்கமாட்டார்.

அந்த அக்கா செல்விக்கு போன் செய்து சொன்னது இது. செல்வியே நடித்துக் காட்டினாள்.

“பஜ்ஜி, சொஜ்ஜியெல்லாம் வேணாம்மா. எங்க பையனுக்கு எண்ணெ ஒத்துக்காது. மஃபின் மாதிரி எதாவது பொண்ணையே செய்யச் சொல்லு. நாளைக்கு அங்க வந்தா அதெல்லாம் தெரியணும்ல?”

“மஃபின்னா என்னடி?” என்று செல்வி என்னைக் கேட்டாள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. அந்த அக்கா வீட்டு ஓவனை நான் பார்த்திருக்கிறேன். ஒரு தடவை பொங்கலுக்கு உதவப் போனபோது நானே திறந்தேன். உள்ளே தோசைக்கல், முறுக்கு அச்சு, குழிப்பணியாரச் சட்டி, மூடி தொலைந்த பிளாஸ்டிக் டப்பாக்கள். இருபது வருஷமாக அந்த ஓவன் சூடே கண்டதில்லை. என் ஓவனும் அப்படித்தான், அதை ஒளிக்கவில்லை. பிரான்ஸில் இருக்கும் நம்மவர் வீடுகளில் பாதி ஓவன்கள் பாத்திர அலமாரிகள். ஆனால் நான் யார் வீட்டுப் பெண்ணையும் மஃபின் சுடச் சொல்லவில்லை.

“எனக்கும் சுடத் தெரியாதுடி” என்றேன்.

செல்வி நம்பவில்லை. “பிரான்ஸ்ல இத்தினி வருஷம் இருந்துட்டு மஃபின் தெரியாதா? சொல்லிக்குடுக்க மனசில்லைன்னு சொல்லு.”

3

யமுனா இரவு டூட்டி முடித்து வந்து தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பிக் கேட்டதற்கு, “நான் ஊசி போடுவேன், மஃபின்லாம் போடமாட்டேன். நீங்களே செஞ்சுட்டு எம்பேரச் சொல்லுங்க” என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஆக, பெண் சுட்ட மஃபினைச் சுடப்போவது நாற்பதைத் தாண்டிய மூன்று பொம்பளைகள். மூன்று பேருக்கும் இதுதான் முதல் தடவை.

செய்முறையை இனியா போனில் பிரெஞ்சில் படித்தாள், நான் தமிழில் சொன்னேன். அவளுக்குப் பதினாறு வயது. நான் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்வாள். தமிழில் பதில் சொல்லும் நாள் எங்கள் வீட்டில் எண்ணெய்க் குளியல் போல எப்போதாவது வரும். மாவு, முட்டை, சர்க்கரை, தயிர், பேக்கிங் பவுடர் என்று படித்துக்கொண்டே வந்தவள் நிமிர்ந்து என்னிடம் பிரெஞ்சில் கேட்டாள்.

“இதை ஏன் அந்த அண்ணன் செய்யக்கூடாது? அவருக்குத்தானே ஓவன் இருக்கு?”

“புள்ள என்னா கேக்குது?” என்றாள் மும்தாஜ். சொன்னேன். மும்தாஜ் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். செல்வி சிரிக்கவில்லை.

வம்பு கலக்குகிற இடத்தில் வந்தது. மாவை லேசாகக் கலந்தால் போதும், கட்டிகள் இருக்க வேண்டும் என்று செய்முறை சொல்கிறது. அதைப் போய் டெல்டாக்காரியிடம் சொல்ல முடியுமா? கேழ்வரகுக் கூழிலிருந்து ரவா உப்புமா வரைக்கும், கட்டி தட்டினால் எங்கள் பக்கம் பொம்பளையே இல்லை. செல்வி கையை உள்ளே விட்டாள். ஒவ்வொரு கட்டியாகத் தேடிப் பிடித்து நசுக்கினாள்.

“செல்வி, கட்டி இருக்கணுமாம்டி.”

“கட்டியிருந்தா, பொண்ணு வீட்ல ஒரு மாவு கரைக்கத் தெரியலம்பாங்க. நீ சும்மா இரு.”

மும்தாஜும் தன் பங்குக்குக் கரண்டியால் அடித்தாள். மாவு தோசை மாவு மாதிரி வழவழவென்று ஆனது. இனியா தலையில் கை வைத்துக்கொண்டாள். அதோடு விட்டார்களா? மும்தாஜின் மச்சான் பேக்கரியில்தான் சுட வேண்டும். அங்கே காலை ரொட்டி வேலை முடிந்து மத்தியானம்தான் வெளிச் சாமான் போடுவார்கள். அதுவரை மாவைத் துணியால் மூடி மூலையில் வைத்தாள் செல்வி. “பொங்கட்டும்” என்றாள். “இத்துனூண்டு பவுடர் எங்கேருந்து பொங்கவைக்கும், ஒரு கரண்டி இட்லி மாவு சேப்போமா?” என்றும் கேட்டாள். அதை மட்டும் மும்தாஜ் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டாள்.

மஃபின் அச்சு கிடையாது. செல்வி பீரோவுக்கு மேலிருந்து ஒரு சாக்கை இறக்கினாள். யமுனாவின் கல்யாணச் சீருக்கென்று வாங்கிவைத்த எவர்சில்வர் பாத்திரங்கள். அதிலிருந்து பாயசக் கிண்ணங்களை எடுத்தாள். ஒவ்வொன்றின் விளிம்பிலும் புள்ளி புள்ளியாக ‘யமுனா’ என்று பெயர் வெட்டியிருந்தது. மாப்பிள்ளை அமையும் முன்பே பெயர் வெட்டிவிடுவது எங்கள் பக்கத்து அவசரம்.

4

மும்தாஜின் மச்சான் பேக்கரியில் நோன்பு மாதத்திலும் கிறிஸ்துமஸ் சமயத்திலும் டவுன் சனம் தட்டு தட்டாகக் கொண்டுவந்து கொடுத்துச் சுட்டு வாங்கிப்போகும். விறகு அடுப்பு. யார் வீட்டுத் தட்டு எது என்று குழப்பம் வராமலிருக்க எல்லாவற்றிலும் பெயர் இருக்கும். எங்கள் கிண்ணங்களை வரிசையாக வைத்தபோது, மச்சான் பெயரைப் படித்துவிட்டு, “யமுனாவுக்கா? நசீபு இருந்தா நல்லபடியா முடியும்” என்றார்.

முதல் ஈடு வெளியே வந்தது. உப்பவே இல்லை. கிண்ணத்தின் அடியில் தட்டையாக, பழுப்பாக உட்கார்ந்திருந்தது. மச்சான் ஒன்றை மேசையில் தட்டினார். டக்கென்று சத்தம் வந்தது. “இத வச்சு மாப்ள மண்டைய ஒடைக்கலாம்” என்றாள் மும்தாஜ். அடக்க முடியாமல் மூன்று பேரும் சிரித்தோம். பள்ளிக்கூடத்தில் சிரித்த மாதிரி, யார் பார்க்கிறார்கள் என்ற நினைப்பில்லாமல் சிரித்தோம். அந்தக் கால் மணி நேரத்தை எனக்கு யாரும் திருப்பித் தரப்போவதில்லை. அதற்குப் பிறகு செல்வியும் நானும் ஒன்றாகச் சிரிக்கவில்லை.

இரண்டாவது ஈட்டுக்கு மாவை பேக்கரி மேசையிலேயே கலந்தோம். இனியா செல்வியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கட்டிகள் இருக்கும்போதே கிண்ணத்தில் ஊற்றி உடனே அடுப்புக்குள் தள்ளினார்கள். அது வேகும்போதுதான் நான் சொன்னேன்.

“செல்வி, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. அந்த அக்கா வீட்டுக்காரருக்குப் பக்கவாதம். அங்க தமிழ்க் கடையில எங்காதுபட அக்கா சொல்லிட்டிருந்தாங்க. நர்ஸ் படிச்ச பொண்ணாப் பாத்தா வீட்டுக்கு ஆள் வைக்க வேணாமேன்னு. மஃபின்லாம் சும்மாடி. அவங்களுக்கு வேண்டியது மருமக இல்ல.”

செல்வி அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். “மாமனாரப் பாத்துக்கறது ஒரு கொறையா? நான் எங்க மாமியாருக்குப் பாக்கலியா?”

“நீ பாத்தப்ப ஒம் புருஷன், நாத்தனா, அக்கம்பக்கம் எல்லாரும் இருந்தாங்க. அங்க கதவச் சாத்துனா அவ்ளோதான். அவ படிப்பு அங்க செல்லாதுடி. பாஷை கத்துக்கிட்டு, பரீட்சை எழுதி, முதல்லேருந்து ஆரம்பிக்கணும். என்னப் பாரு, கணக்குல பட்டம் வாங்கிட்டுத் தட்டு கழுவுறேன்.”

“கழுவுனாலும் பிரான்ஸ்ல கழுவுற” என்றாள் செல்வி. “நீ மட்டும் போவலாம். எம் பொண்ணு போறதுன்னா ஒனக்கு எரியுது.”

மும்தாஜ், “ஏ செல்வி, என்னா பேச்சு இது” என்றாள். மஃபின்கள் வந்தன. இந்தத் தடவை தலை உப்பி, நடுவில் லேசாக வெடித்து, நன்றாகவே இருந்தன.

எனக்கு எரிந்ததா? எரிந்தது. ஆனால் செல்வி நினைத்த காரணத்துக்காக இல்லை. நான் வந்த புதிதில் குடியிருப்பு அட்டைக்காக விடிவதற்கு முன்பே போய் பிரெஃபெக்சூர் என்கிற அந்த அரசு அலுவலகத்தின் வாசலில் பனியில் நின்றிருக்கிறேன். ஒரு காகிதம் கொண்டுபோனால் இன்னொரு காகிதம் கேட்பார்கள். இன்னொன்றைக் கொண்டுபோனால் முதல் காகிதம் பழசாகிவிட்டது என்பார்கள். எனக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்றால் அவர்களுக்குப் புரியாது. கடைசியில் என் அப்பா பெயரை என் பெயராக்கிவிட்டார்கள். இன்றைக்கும் கேன்டீனில் என்னை அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். ஒருநாள் அங்கிருந்த வயதான அதிகாரி அம்மாவை, அவர்கள் பாஷையில் ‘நீ’ என்று சொல்லிவிட்டேன். ‘நீங்க’ என்பதற்கு வேறு சொல் இருப்பதே எனக்கு அப்போது தெரியாது. காரைக்காலில் எதிர்வீட்டுப் பெரியவரைக்கூட ஒருநாளும் ‘நீ’ சொன்னதில்லை நான். அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையை ஊரில் யாருக்கும் சொன்னதில்லை.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. அந்த நாட்களில் எனக்குத் துணையாக வரிசையில் வந்து நின்றவர் போலகத்து அக்காவின் வீட்டுக்காரர்தான். என் கணவருக்கு லீவு கிடைக்காத நாட்களில், “வாம்மா, நான் பேசுறேன்” என்று வருவார். நல்ல மனுஷர். அவரைப் பார்த்துக்கொள்வது கேவலம் என்று நான் சொல்லவில்லை. அதற்கு ஒரு பெண்ணைக் கல்யாணம் என்று ஏமாற்றிக் கூட்டிப்போவதைத்தான் சொல்கிறேன்.

5

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அக்கா வந்தார். கூட அவர் அண்ணன். பையன் வரவில்லை. அப்பாவைப் பார்த்துக்கொள்ள அவன் பிரான்ஸிலேயே தங்கிவிட்டானாம், வீடியோவில் வருவானாம். செல்வி வீட்டுக்காரர் வேட்டி மடிப்புக் கலையாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். யமுனா இரவு டூட்டிக்குப் போக வேண்டும் என்பதால் பட்டுப்புடவையோடு டூட்டி வாட்சும் கட்டி நின்றாள்.

தட்டு வந்தது. அக்கா ஒரு மஃபினை எடுத்துத் திருப்பி அடியைப் பார்த்தார்.

“நீயே செஞ்சியாம்மா? ஓவன்ல எத்தன டிகிரி வச்ச?”

யமுனா என்னைப் பார்த்தாள். எனக்கு நாக்கு நுனியில் நின்றது. உங்கள் ஓவனில் தோசைக்கல் எத்தனை டிகிரியில் இருக்கிறது அக்கா என்று கேட்டிருப்பேன். செல்வி கண்ணாலேயே கெஞ்சினாள். மென்று விழுங்கினேன்.

“பேக்கரி அடுப்புங்க. அதுல டிகிரி கெடையாது” என்றாள் யமுனா.

“பரவால்ல, அங்க வந்து கத்துக்கலாம்” என்று அக்கா பெருந்தன்மையாகச் சொன்னார். பிறகு வீடியோவைப் போட்டார். பையன் திரையில் வந்தான். பின்னால் நாற்காலியில் அவன் அப்பா தலை சாய்ந்து தெரிந்தார். பையனுக்குத் தமிழ் சரியாக வராது. பேச்சு நகரவில்லை. அக்கா போனை இனியாவிடம் கொடுத்தார்.

“ஒனக்குத்தாம்மா அவன் பாஷை நல்லா வரும். நீ பேசு, கூச்சம் போவட்டும்.”

அது அக்கா செய்த தப்பு. இனியா பேசினாள். இருவரும் பிரெஞ்சில் வேகமாக, வீட்டில் பேசுகிற மாதிரி பேசினார்கள்.

“தட்டுல என்ன அது?” என்று கேட்டான் அவன்.

“மஃபின். நீங்க கேட்டீங்களாமே.”

“நானா? நான் இனிப்பே சாப்பிடமாட்டேன்.” சிரித்தான். “எல்லாம் அம்மா வேலை.”

“கல்யாணத்துக்கு அப்புறம் யமுனா அக்கா எங்க இருப்பாங்க?”

“எங்க அப்பா அம்மாகூட. வேற எங்க?”

“நீங்க?”

“எனக்கு லியோன்ல வேலை. செப்டம்பர்ல போறேன். இந்த ஒரு மாசமா அப்பாவ நானே பாத்துட்டு இருக்கேன், என்னால முடியல. அவங்க வந்துட்டா நான் நிம்மதியா அங்க இருக்கலாம்.”

“அவங்களுக்கு இது தெரியுமா?”

“அதெல்லாம் அம்மா பாத்துப்பாங்க.”

அவனிடம் வஞ்சகம் எதுவும் இல்லை. அதுதான் இன்னும் மோசம். வானிலையைச் சொல்வது போலச் சொன்னான். அந்தக் கூடத்தில் இது புரிந்தவர்கள் நான், இனியா, அக்கா மூவர் மட்டும்.

“என்னங்க சொல்றார் தம்பி?” என்று செல்வி வீட்டுக்காரர் ஆவலாகக் கேட்டார்.

அக்கா கண் இமைக்காமல் சொன்னார். “மஃபினும் அழகு, பொண்ணும் அழகுன்னு சொல்றான்.”

செல்வியின் முகம் மலர்ந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே நான் பேச வேண்டியிருந்தது.

“அக்கா, அவன் அப்படிச் சொல்லல.”

ஒன்று விடாமல் தமிழில் சொன்னேன். மஃபின் கேட்டது அவன் இல்லை, அவன் லியோன் என்கிற வேறு ஊரில் இருப்பான், யமுனா இவர்கள் வீட்டில் அவன் அப்பாவைப் பார்த்துக்கொண்டு இருப்பாள், யமுனாவுக்குத் தெரியுமா என்றால் அம்மா பார்த்துக்கொள்வார் என்கிறான், எல்லாவற்றையும் சொன்னேன். குரல் உயர்ந்ததை நான் அடக்கவில்லை. அக்கா போனைப் பிடுங்கி அணைத்தார்.

செல்வி வீட்டுக்காரர் மெதுவாகக் கேட்டார். “லியோன் எவ்ளோ தூரம்மா?”

“இங்கேருந்து மெட்ராஸ் போறதவிடத் தூரம்ண்ணே.”

அவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

யமுனாதான் அக்காவுக்கு முன்னால் வந்தாள். கோபமாகப் பேசவில்லை. வார்டில் நோயாளியின் வீட்டாரிடம் பேசும் குரலில் பேசினாள். “ஒங்க வீட்டுக்காரர ஒரே ஆளு தூக்குனா ரெண்டு பேருக்கும் ஆபத்துங்க. ஆஸ்பத்திரியிலயே நாங்க ரெண்டு பேராத்தான் தூக்குவோம். சம்பளம் குடுத்து நல்ல ஆளா வச்சுக்கங்க.” பிறகு மஃபின் தட்டை எடுத்துக்கொண்டாள். “எனக்கு டூட்டிக்கு நேரமாச்சு. இத வார்டுக்கு எடுத்துட்டுப் போறேம்மா” என்று செல்வியிடம் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

வாசலில் செருப்பை மாட்டும்போது அக்கா என் பக்கம் திரும்பினார். “இவளோட போச்சா? ஊர்ல நர்ஸ் படிச்ச பொண்ணுக்குப் பஞ்சமா?” என்றார்.

அவர் போன பிறகு செல்வி என்னைத் திட்டிய திட்டை முழுக்க எழுத முடியாது. “எம் பொண்ணு வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டியேடி. அவனுக்கு லியோன்ல வேலைன்னா இன்னிக்கு இல்லன்னாலும் நாளைக்கு இவளக் கூட்டிட்டுப் போவமாட்டானா? நீ யாருடி நடுவுல?” மும்தாஜ் அவளைப் பிடித்துக்கொண்டாள். இனியா என் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தாள். அன்றிலிருந்து செல்வி என்னோடு பேசவில்லை.

நான் புறப்படும் நாளில் யமுனா ஸ்கூட்டியில் வந்தாள். ஒரு எவர்சில்வர் கிண்ணம், மேலே துணி கட்டி, உள்ளே எலுமிச்சை ஊறுகாய். “சீர்ப் பாத்திரத்துல ஒண்ணு சித்தி. அம்மாவுக்குத் தெரியாது” என்றாள். அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். “கோவம் போவல. போறப்ப போவட்டும்” என்றாள்.

6

ரயில் நிலையத்தில் அந்தப் புது மஞ்சள் கயிற்றைப் பார்த்த பிறகு எனக்கு வீட்டில் இருப்பே கொள்ளவில்லை. அக்கா சொன்னதைச் செய்துவிட்டார். பஞ்சமில்லைதான். ஒரு பெண் வேண்டாம் என்றால், இரண்டு ஊர் தள்ளி இன்னொரு வீட்டில் ஆடியைத் தள்ளுபடி செய்து காத்திருக்கிறார்கள். அங்கே எந்த இனியாவும் போனைப் பிடித்திருக்கமாட்டாள். அக்காவே மொழிபெயர்த்திருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை என் ஓவனிலிருந்த சட்டிகளை எல்லாம் இறக்கித் தரையில் வைத்தேன். இனியா என்ன ஏது என்று கேட்காமல் மாவை எடுத்தாள். நான் வழக்கம் போல அடிக்க ஆரம்பித்ததும், “போதும் அம்மா, கட்டி இருக்கட்டும்” என்று தமிழிலேயே சொன்னாள். சூட்டோடு ஒரு மஃபினை யமுனாவின் கிண்ணத்தில் வைத்து, மீதியை டப்பாவில் போட்டு மூடிக்கொண்டு போனேன். ஞாயிறு சாயங்காலம் அக்கா பஜனைக்குப் போய்விடுவார் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும்.

அந்தப் பெண் கதவைத் திறந்தாள். கையில் ரப்பர் உறை. ரயில் நிலையத்தில் தூக்கியது நான் என்றதும் சிரித்து உள்ளே கூப்பிட்டாள். ஊரைச் சொன்னாள். நான் எழுதமாட்டேன். நம் பக்கம்தான்.

“அத்த இல்லீங்களே” என்றாள்.

“தெரியும். ஒன்னத்தான் பாக்க வந்தேன்.”

மஃபினைச் சாப்பிட்டாள். நன்றாக இருக்கிறதென்று இரண்டாவதும் எடுத்தாள். மூன்றாவதை உதிர்த்துப் பாலில் நனைத்துப் பெரியவருக்கு ஊட்டினாள். ஒவ்வொரு வாய்க்கும் அவர் விழுங்கும்வரை தொண்டையைப் பார்த்துக் காத்திருந்தாள். எவ்வளவு நல்ல நர்ஸ் என்று அதிலேயே தெரிந்தது. உனக்கு மஃபின் சுடத் தெரியுமா என்று கேட்டேன். “ஓவன்ல பாத்திரம் அடுக்கியிருக்குங்க” என்றாள்.

“அவர் எங்கம்மா?”

“லியோன்ல. வேல ஜாஸ்திங்க. வருவார்.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “அக்கா, ஊருக்குப் போனா, எங்க வீட்ல யாராவது கேட்டா, அவர் இங்கதான் இருக்கார்னு சொல்லிடுங்க. அம்மா எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்லி வச்சிருக்காங்க.”

எனக்கு யார்மேல் கோபப்படுவதென்று தெரியவில்லை. பொய் சொல்கிற இந்தக் குழந்தைமேலா, இவள் பொய்யை ஊருக்கெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கும் அம்மாமேலா, அந்தப் பெருமையைக் கேட்டுவிட்டு அடுத்த ஆடிக்கு மகளை அலங்கரிக்கப் போகிற இன்னொரு அம்மாமேலா? எல்லோர்மேலும்தான். அக்காவை நான் மன்னிக்கப்போவதில்லை. ஆனால் அக்கா ஒருவரால் இதைச் செய்துவிட முடியாது. ஊரே சேர்ந்துதான் பெண்களைக் கட்டி அனுப்புகிறது.

அவள் கிண்ணத்தைக் கழுவித் துடைத்தாள். வெறும் கிண்ணமாகத் திருப்பித் தரக்கூடாது என்று இங்கே வந்தும் மறக்கவில்லை. ஒரு கைப்பிடி சர்க்கரையைப் போட்டாள். நீட்டும்போது விளிம்பிலிருந்த புள்ளிகளை விரலால் தடவிப் படித்தாள்.

“யமுனா யாருங்க?”

பெரியவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். போன ஆடியில் அந்த வீடியோவில் பின்னால் இருந்தவர். மகன் பேசியதை எல்லாம் கேட்டவர். அவர் இடது கை நாற்காலியின் பிடியை மெதுவாக இரண்டு முறை தட்டியது. சொல் என்று எனக்குப் பட்டது.

“ஒனக்கு முன்னாடி இந்த வீட்டுக்குப் பாத்த பொண்ணு. ஒன்ன மாதிரியே நர்ஸ்” என்றேன். பேக்கரியிலிருந்து ஆரம்பித்து மஃபின் தட்டு உள்ளே போனதுவரை எதையும் மறைக்காமல் சொன்னேன். அவள் உட்காரவில்லை. கிண்ணம் கையிலேயே இருந்தது.

“அவங்க இப்ப எங்க இருக்காங்க?”

“காரைக்கால்லதான். அதே ஆஸ்பத்திரியில.”

“வேலைக்குப் போறாங்களா?”

“போறா.”

கீழே வாசல் கதவுச் சத்தம் கேட்டது. அக்காவாக இருக்கலாம். நான் எழுந்து கிண்ணத்துக்காகக் கையை நீட்டினேன். அவள் அதைத் தரவில்லை. சர்க்கரையை டப்பாவில் திருப்பிக் கொட்டிவிட்டு, கிண்ணத்தைச் சேலை முந்தானையால் துடைத்து மார்போடு வைத்துக்கொண்டாள்.

“இது எங்கிட்ட இருக்கட்டுங்கக்கா” என்றாள். “அவங்க போன் நம்பரும் குடுத்துட்டுப் போங்க.”